ஊவாவுக்கு வந்த யப்பான் துணி

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியிலே, மலைச்சரிவில் அமைந்த தேயிலைத் தோட்டம் ஒன்றின் காரியாலயத்திற்கு ஒரு சிறு பொதி வந்து சேருகின்றது என நேயர்கள் மனக்கண்ணிற் காணலாம். பொதியின் மேல் யப்பானிய எழுத்துக்கள் பொறித்த சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பது ஒரு கம்பளிச் சட்டை. லயத்து வீட்டிலே பிறந்து, கொழும்பிலே தொழில் பார்க்கும் ஒரு பெண் அதற்கு விலை கொடுத்திருக்கிறாள். பனியிலே கொழுந்து பறிக்கும் தன் தாய்க்கென்று, கைத்தொலைபேசியின் சிறு திரையிலே யப்பானியக் கடையொன்றின் பொருள்களைப் பார்த்து, நிறத்தையும் அளவையும் அவளே தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

காலத்தின் மாறுதலைக் காட்டும் காட்சிதான் இது. ஆயினும் யப்பானிலே நெய்த துணிக்கும் ஊவாத் தோட்டங்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்னரே அந்த உறவு இருந்தது. அதனை இலண்டனிலிருந்த அரசாங்கம் ஒரு கட்டளையினால் ஒடுக்கிற்று. அந்தப் பழைய வரலாற்றை அறிந்தவர்க்கே, இன்று அத்தாயின் தோளிலே ஏறப்போகும் சட்டையின் பெறுமதி முழுவதும் விளங்கும்.

மலைநாட்டிலே உடை என்பது அலங்காரப் பொருளன்று. அப்புத்தளை, பண்டாரவளை, நமுனுகுல, மடுல்சீமை ஆகிய இடங்களின் குளிரை அறிந்தவர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் மழையும் மூடுபனியும் ஒன்றாய் இறங்கும். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய வெப்பமான சமவெளிகளிலிருந்து வந்த மக்கள் இந்தக் குளிரையும் மழையையும் எதிர்கொண்டே காட்டை அழித்தார்கள், கோப்பியை நட்டார்கள், கோப்பி அழிந்தபின் தேயிலையை நட்டார்கள்.

அவர்களுக்குத் தோட்டம் கொடுத்த முதல் உடை கறுப்புக் கம்பளி. கொடுத்தது என்ற சொல்லைச் சற்று எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். கம்பளியின் விலை தொழிலாளியின் கணக்கிலே பற்றாக எழுதப்பட்டது. வழிச்செலவு, அரிசி, கம்பளி எனப் பல பெயர்களில் ஏறிய பற்று, மாதச் சம்பளத்திலே கழிக்கப்பட்டது. கழித்தும் தீராதது கடனாய் நின்றது. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்திற்குப் போக வேண்டுமாயின் அக்கடனைக் குறித்த ‘துண்டு’ கூடவே போயிற்று. அத்துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது 1921ஆம் ஆண்டிலேதான். ஆகவே, தோட்டத் தொழிலாளியின் தோளிலே கிடந்த முதற் கம்பளி குளிரைத் தடுத்தது. அதே வேளையில் அவனைக் கடனிலும் கட்டிற்று. அதன் நிறத்தையோ தரத்தையோ விலையையோ தேர்ந்தவன் அவனல்லன்.

கம்பளிக்கு அப்பால் தொழிலாளர் தாமே கண்டுபிடித்த உடைகளும் இருந்தன. மழைக்காலத்திலே தலையிலிருந்து முதுகு மறையக் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணியும், தேயிலைச் செடியின் கிளைகள் கிழிக்காதபடி பெண்கள் இடுப்பிலே சுற்றிக்கொள்ளும் படங்கும் இவ்வகையின. வெறுஞ் சாக்கை உடையாக்கிக்கொண்ட திறமை அது. உடைக்கு வழியில்லாத நிலைமையும் அதுவே.

நல்ல துணி, சம்பள நாளோடும் தீபாவளியோடும் தொடர்புடையது. பதுளைக் கடைவீதியின் புடவைக்கடைகள் ஒருபுறம். மூட்டை சுமந்து லயம் லயமாக ஏறிவரும் பொட்டணி வியாபாரிகள் மறுபுறம். பட்டும் சீட்டித் துணியும் விற்று நாடெங்கும் அலைந்த சீன வியாபாரிகளும் முற்காலத்தில் இருந்தனர். 1924ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தபின், கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய துணிக்கட்டு மலையேறுவது எளிதாயிற்று. தெமோதரையில் வளைந்து சுற்றும் அப்பாதை தேயிலையைக் கீழே கொண்டுசென்றது. அரிசியையும் துணியையும் மேலே கொண்டுவந்தது.

அக்காலத்துத் தொழிலாளியின் வருவாய் எவ்வளவு? 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறைந்தபட்சக் கூலி முதன்முதலாக நிர்ணயிக்கப்பட்டு 1929இல் நடைமுறைக்கு வந்தபோது, உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளிலே உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலை விலை வீழ்ந்தது. அந்தச் சொற்பக் கூலியும் குறைக்கப்பட்டது. அரை ரூபாவுக்கும் குறைவான நாட்கூலியிலே சோறும் உப்பும் போக எஞ்சியதிலிருந்துதான் ஒரு சேலைக்கும் ஒரு வேட்டிக்கும் காசு சேர வேண்டும். துணியின் விலையிலே கஜத்துக்குச் சில சதங்கள் குறைந்தாலும் அது அவ்வீட்டிற்குப் பெரிய செய்தி.

அந்தச் சமயத்திலேதான் யப்பான் துணி மலிவாக வந்தது. மலிந்ததற்குக் காரணங்கள் பல. யப்பானியர் நெசவு யந்திரங்களை வெகுவாகச் சீர்திருத்தியிருந்தனர். சாகிச்சி தொயோதா 1924இல் நிறைவு செய்த தானியங்கித் தறி உலகப் புகழ் பெற்றது. நூல் தீர்ந்தால் தறியை நிறுத்தாமலே அது புது நூலை ஏற்றுக்கொள்ளும். ஒரு பெண் பல தறிகளை மேற்பார்வை செய்ய இயன்றது. அந்த ஆலைப் பெண்களின் கூலியும் மிகக் குறைவு. இவற்றோடு 1931ஆம் ஆண்டு மார்கழியிலே யப்பான் தன் நாணயத்தைத் தங்கத்தின் கட்டிலிருந்து விடுவிக்க, யென்னின் மதிப்புச் சரிந்தது. பிறநாட்டு நாணயம் கொண்டு வாங்குவோர்க்கு யப்பானியப் பொருள் யாவும் திடீரென மலிந்தன. 1933ஆம் ஆண்டளவில் பருத்தித் துணி ஏற்றுமதியிலே பிரித்தானியாவையே யப்பான் முந்திவிட்டது.

இங்கிலாந்திலே இலங்காஷயர் மாவட்டம் இதனாற் கலங்கிற்று. ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரமாயிரம் நெசவாளர் வேலையிழந்தனர். அவர்களின் துயரமும் மெய்யான துயரமே. ஆனால் அத்துயரத்தைத் தீர்க்க எடுத்த வழி யாதெனில், குடியேற்ற நாடுகளிலே வாழும் ஏழைகளின் மலிவுத் துணியைக் குறைப்பது. 1934ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி, பிரித்தானிய வர்த்தக சபைத் தலைவர் வால்ற்றர் ரன்சிமன் பொதுமக்கள் சபையிலே ஓர் அறிவித்தலைச் செய்தார். குடியேற்ற நாடுகளுக்குள் வரும் அந்நியத் துணிக்கு அளவு வரையறுக்கப்படும் என்பது அதன் சாரம். 1927 முதல் 1931 வரை வந்த துணியின் சராசரியே அளவுகோல். அதாவது, யப்பான் துணி பெருகுவதற்கு முந்திய காலத்தைப் பார்த்தே எல்லை கீறப்பட்டது.

இலங்கையின் நிலைமை இங்கே தனிப்பட்டது. 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற நாடு இது. அட்டன் தொகுதியின் உறுப்பினரான பெரி சுந்தரம் அப்போது தொழில், கைத்தொழில், வர்த்தகத் துறைகளின் அமைச்சர். மக்களாற் தெரிவு செய்யப்பட்ட அரசாங்க சபை இந்த வரையறையைத் தன் சட்டமாக்க மறுத்தது. மறுத்தும் பயனில்லை. சபையின் விருப்பத்தைக் கடந்து, மன்னரின் ஆலோசனைச் சபைக் கட்டளை மூலமாக அது இலங்கை மீது சுமத்தப்பட்டது.

இந்தியாவோடு ஒப்பிட்டால் இதன் தன்மை நன்கு புலப்படும். 1933இல் இந்தியாவும் பிரித்தானியத் துணியல்லாத பருத்தித் துணி மீது நூற்றுக்கு 75 என்னும் கடுந்தீர்வை விதித்தது. யப்பானிய ஆலைகள் உடனே இந்தியப் பருத்தியை வாங்க மறுத்தன. இரு சாராருக்கும் ஒருவர் பொருள் மற்றவருக்குத் தேவைப்பட்டமையால், பேச்சு நடந்து 1934இல் உடன்பாடு பிறந்தது. இலங்கையின் கையிலோ பேரம் பேசத்தக்க பண்டம் இல்லை. தேயிலையைக் காட்டி யப்பானை வசப்படுத்தவும் இயலாது. தன் தேயிலையைத் தானே பயிரிட்டுக் குடிப்பதோடு பிற நாட்டிற்கும் விற்ற தேசம் அது. பேரம் பேச ஒன்றுமில்லாத நாட்டிலே, பேரம் பேசவே தெரியாத மக்கள் அந்தக் கட்டளையின் விலையைச் செலுத்தினார்கள். மான்செஸ்டர்த் துணிக்காகத் தன் தீபாவளிச் சேலை எட்டாத விலைக்கு ஏறியதை, பசறைத் தோட்டத்துப் பெண்ணுக்கு எவரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

யுத்தம் வந்தது, யப்பான் துணி முற்றாக நின்றது. யுத்தம் முடிந்து, 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிலே ஜே. ஆர். ஜயவர்த்தன யப்பானுக்காகப் பரிந்து பேசிய பின்னர், இரு நாடுகளுக்குமிடையே நல்லுறவு வளர்ந்தது. 1958ஆம் ஆண்டிலே யப்பானிய ஆலைகள் ‘டெட்ரோன்’ என்னும் செயற்கை இழையை வெளியிட்டன. எளிதிற் காய்வதும் மடிப்புக் கலையாததுமான செயற்கை இழைத் துணி மழைநாட்டு மக்களுக்கு உகந்ததாயிற்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் துணியும் அரிதாயிற்று. 1977இன் பின் வாயில்கள் திறந்தபோது யப்பான் சேலை மீண்டும் கடைகளிலே தொங்கிற்று.

1978ஆம் ஆண்டிலே கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. 1992இல் நாடெங்கும் 200 ஆடைத் தொழிற்சாலைகளை நிறுவும் திட்டம் தொடங்கிற்று. தேயிலை மலையை விட்டு இறங்கிய இளம்பெண்கள் பலர், பிற நாட்டார் உடுக்கும் உடையைத் தைப்பவர்களானார்கள். அவர்கள் இயக்கிய யந்திரங்களில் யப்பானின் ‘ஜூகி’ யந்திரம் பேர் பெற்றது. அப்பெயரையே அடைமொழியாக்கி, ஆடைத் தொழிலாளிப் பெண்களை ‘ஜூகிப் பெண்’ என்று இகழ்ந்தோரும் இந்நாட்டில் இருந்தனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வாடிக்கையாளரின் தோள் அளவையும் கை நீளத்தையும் மயிரிழை பிசகாமல் தைத்த பெண்களுக்கு நாடு அளித்த பட்டம் அது.

இந்த வரலாற்றின் பின்னர்தான் இன்றைய பொதி வருகிறது. கம்பளியைக் கங்காணி கொடுத்தார். துணியின் அளவை இலண்டன் விதித்தது. பிறர் உடையை இவள் தைத்தாள். இப்பொழுது அவளே வாடிக்கையாளர். வாடிக்கையாளர் என்னும் உரிமை நன்மை தர வேண்டுமாயின், கடல் கடந்து உடை வாங்குவதின் முறைகளைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, பொருள் வந்து சேரும் வழி. யப்பானியக் கடைகள் பலவும் தம் நாட்டு முகவரிக்கே அனுப்பும். பிற நாட்டுக்கு அனுப்புவதில்லை. ஆகவே இடைத்தரகு செய்யும் முகவர் நிறுவனங்கள் அங்கே தோன்றியுள்ளன. வாங்குபவரின் வேண்டுகோளின்படி முகவர் கடையிலே பொருளை வாங்குவார். தம் பண்டகசாலையிலே வைத்திருப்பார். பல கடைகளில் வாங்கியவற்றை ஒரே பொதியாகக் கட்டி அனுப்புவார். பொதி கொழும்புக்கு வரும். சுங்கத் திணைக்களத்தின் பரிசோதனை முடிந்தபின் தபால் வழியாகவோ தனியார் அஞ்சல் வழியாகவோ மலையேறும்.

இரண்டாவது, மெய்யான விலை. திரையிலே காணும் விலை, மொத்த விலையின் ஒரு பங்கு மாத்திரமே. அதன்மேல் முகவரின் கட்டணம், யப்பானுக்குள்ளே கடையிலிருந்து பண்டகசாலைக்குக் கொண்டுசெல்லும் கூலி, கடல் கடந்து வரும் கூலி, நாணயத்தை மாற்றும் வங்கி எடுத்துக்கொள்ளும் தொகை, இலங்கைச் சுங்கத்தின் தீர்வையும் வரிகளும் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். இலங்கையிலே பெறுமதி சேர் வரி 2024ஆம் ஆண்டு தை முதலாந் திகதி நூற்றுக்கு 18 ஆக உயர்த்தப்பட்டது. யப்பானிலே 2019 முதல் பொதுவாக நூற்றுக்கு 10 ஆகவுள்ள நுகர்வு வரி, நாட்டுக்கு வெளியே ஏற்றுமதியாகும் பொருளுக்கு உரியதன்று. எனினும் உள்ளூர்க் கடையில் முகவர் வாங்கும்போது அவ்வரி விலையிலே அடங்கியிருத்தல் கூடும்.

இதனோடு நாணயத்தின் ஏற்றத் தாழ்வையும் கவனிக்க வேண்டும். 3,000 யென் விலையுள்ள ஒரு சட்டையை எடுத்துக்கொண்டால், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதற்கு ஏறத்தாழ 5,000 ரூபாவுக்குச் சற்று மேல். அவ்வாண்டு இலங்கை ரூபா சரிந்தபோது, மே மாதமளவில் அதே சட்டை 8,000 ரூபாவைத் தாண்டிற்று. சட்டையிலே ஒரு நூலும் கூடவில்லை. 2024ஆம் ஆண்டு யூலையில், யென்னின் மதிப்பு டொலருக்கு 160 என்னுமளவிற்கு விழ, அச்சட்டை 6,000 ரூபாவுக்குள் இறங்கிற்று. 1931ஆம் ஆண்டின் பின் நிகழ்ந்தது போலவே, யென் விழுந்தால் பிறநாட்டு வாடிக்கையாளருக்கு இலாபம். ஆனால் அவருடைய சொந்த நாணயம் விழாதிருந்தாலன்றி அவ்விலாபம் கைக்கு எட்டாது.

இத்தகைய விலையை ரூபாவிலே கணக்கிடுவதோடு நாட்கூலியிலும் கணக்கிட்டுப் பார்ப்பது தோட்டத்துக் குடும்பத்திற்குச் சிறந்த முறையாகும். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,350 ரூபா என விதிக்கப்பட்டது. அக்கூலியிலே 6,000 ரூபாச் சட்டை நாலரை நாளின் உழைப்பு. மேற்கூறிய செலவுகளெல்லாம் ஏறி விலை இரட்டிப்பாகுமாயின், அது ஒன்பது நாளின் உழைப்பு. ஒன்பது நாள் மலையிலே ஏறி இறங்கிய கால்களை நினைத்துப் பார்த்தபின், வாங்கலாமென்று தோன்றினால் வாங்கலாம். தனியொரு சட்டைக்கு வரும் ஏற்றுகூலி அதிகம். உறவினரும் அயலாரும் சேர்ந்து நாலைந்து உடைகளை ஒரே பொதியில் வரவழைத்தால் ஒருவர்க்கு விழும் பங்கு குறையும். தீபாவளி முற்பணத்தை எண்ணிக்கொண்டு கடனட்டையிலே வாங்குவது மாத்திரம் ஆகாது. அம்முற்பணம் பின்னர்ச் சம்பளத்திலே கழியும்; கடனட்டைக்கு வட்டியும் ஏறும். பழைய கம்பளிக் கடன் வேறு உருவத்தில் திரும்பி வருவதற்கு அதுவே வழி.

மூன்றாவது, அளவு. யப்பானிலே பெரிய அளவு என்று குறித்த சட்டை, இங்கு நடுத்தர அளவாகவும் இருக்கலாம். எழுத்தைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர் பலர். நல்ல யப்பானியக் கடைகள் ஒவ்வோர் உடைக்கும் தோள் அகலம், மார்பகலம், கை நீளம், உடல் நீளம் ஆகிய நான்கையும் சென்ரிமீற்றரில் எழுதிவைக்கின்றன. பொதுவாக இவை உடையைத் தட்டையாகப் பரப்பி அளந்த அளவுகள். ஆகவே மார்பகலம் என்பது உடலைச் சுற்றிய அளவன்று, அதன் பாதி. வீட்டிலே நன்றாகப் பொருந்துகின்ற பழைய சட்டையொன்றை மேசைமேல் விரித்து, தையற்காரரின் நாடாவினால் அளந்து, அந்த எண்களோடு ஒப்பிடுவதே பிழையற்ற வழி. தொழிற்சாலையில் உடை தைத்த பெண்ணுக்கு இது சொல்லித்தர வேண்டிய கலையன்று. தன் தாயின் அளவை எடுக்க அவளிலும் தகுந்தவர் இல்லை.

துணியின் வகையையும் அறிந்துகொள்ள வேண்டும். யப்பானியர் பருத்தியை ‘மென்’ என்பர்; கம்பளியைக் ‘கே’ என்பர்; பட்டைக் ‘கினு’ என்பர்; லினன் போன்ற நார்த்துணியை ‘அசா’ என்பர். தொலைபேசியின் மொழிபெயர்ப்பு வசதி எழுத்துக்களைப் படித்துக் காட்டினும், நூற்றுக்கு எத்தனை பங்கு எந்த இழை என்பதைப் பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு. தூய கம்பளி குளிரைத் தடுக்கும். ஆனால் வெந்நீரிலே கசக்கினால் சுருங்கும். வெயிலே காணாத மழை மாதத்தில் லயத்து வீட்டிலே காயப் பல நாள் செல்லும். அடுப்பின் மேலே கயிறு கட்டி உலர்த்தும் வழக்கமுள்ள வீட்டிற்குக் கம்பளியோடு செயற்கை இழை கலந்த துணியே உகந்தது; அதுவும் அனலுக்கு அணித்தாகத் தொங்கலாகாது.

யப்பானிலே குளிர்கால உடைகள் தை, மாசி மாதங்களில் விலை குறைந்து விற்கப்படும். அங்கே அடுத்த பருவத்திற்காகக் கடையைக் காலி செய்கிறார்கள். இங்கேயோ ஊவா மலைகளில் குளிர் இன்னும் தீர்ந்திராது. பருவத்தை அறிந்து காத்திருப்பவர்க்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் வாங்கிய பின் பொருந்தாவிடின் திருப்பி அனுப்பலாம் என்னும் எண்ணத்தை மறந்துவிட வேண்டும். திருப்பி அனுப்பும் கூலி சட்டையின் விலையையே விழுங்கும். முகவர் வழியாக வாங்கியதைக் கடை மீள ஏற்பதும் அரிது. பிறர் அணிந்து பழகிய உடைகளை விற்கும் கடைகளும் யப்பானில் உண்டு. அவை சிறு கறையையும் மறைக்காமல் எழுதுவதிலே பெயர் பெற்றவை. எனினும் அத்தகைய உடையைத் தருவிக்குமுன் சுங்கத் திணைக்களத்தின் விதியைக் கேட்டறிவது நன்று.

இவையனைத்தும் முயன்றால் எவரும் கற்றுக்கொள்ளத் தக்கவை. ஆனால் கற்றறிவினால் மாத்திரம் தீராத ஒரு குறை எஞ்சியிருக்கிறது. யப்பானியக் கடைக்காரரோ முகவரோ வாங்குபவரிடம் முதலிலே கேட்பது பணத்தையன்று, முகவரியை. வீட்டின் இலக்கம், வீதியின் பெயர், ஊர், தபாற் குறியீட்டெண் என்று கட்டங்கள் வரிசையாகத் திரையிலே தோன்றும். பல தோட்டங்களில் லயத்து வீட்டிற்கு இலக்கமுமில்லை, வீதிக்குப் பெயருமில்லை. தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதி, ஆளின் பெயரையும் எழுதினால், கடிதமும் பொதியும் தோட்டக் காரியாலயத்திற்கே போகும். ஒரே பெயருடையவர் ஒரு பிரிவிலே பலர் இருப்பர். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் திகதி கடந்தபின் கிடைத்ததால் வேலையை இழந்த இளைஞரின் கதையை மலையகத்திலே கேட்காதார் இல்லை. சுங்கத்தீர்வை செலுத்துமாறு வரும் அறிவித்தல் காரியாலய மேசையிலே கிடந்தால், பொதி அனுப்பியவருக்கே திரும்பிச் செல்லவும் கூடும்.

இதிலே ஒரு முரண்பாடு உண்டு. யப்பானிலே தேயிலை அருந்துவோர், உலகின் முப்பெருந் தேயிலைகள் என்று இந்தியாவின் டார்ஜிலிங்கையும் சீனத்தின் கீமுனையும் இலங்கையின் ஊவாவையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். யூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலையைக் கடந்து வீசும் வறண்ட நாட்களிலே, கொழுந்திலே ஏறும் தனி மணத்திற்காக ஊவாத் தேயிலையை அவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். கடல் கடந்த அக்கடைகளின் தட்டுகளிலே ஊவா என்னும் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அத்தேயிலையைப் பறித்தவளுக்கோ, அதே நாட்டிலிருந்து ஒரு சட்டையை வரவழைத்தால், எழுதிக் கொடுக்கத் தனக்கென ஒரு வீட்டு இலக்கம் இல்லை.

ஆகவே இளைஞர் செய்யத்தக்க பணிகள் சில உள. தோட்டப் பிரிவுதோறும் வீடுகளுக்கு இலக்கமிட்டு, பாதைகளுக்குப் பெயரிட்டு, அவற்றைப் பிரதேச சபையும் தபாற் கந்தோரும் ஏற்கும்படி விண்ணப்பிக்கலாம். அது கைகூடும்வரை, பதுளை, பசறை, அப்புத்தளை முதலிய நகரங்களிலே கடை வைத்திருக்கும் நம்பிக்கையான உறவினரின் முகவரியையும் சரியான தொலைபேசி எண்ணையும் கொடுத்துப் பொருளை வரவழைக்கலாம். ஆங்கிலம் அறிந்த மாணவர், முதியோருக்காகக் கட்டணங்களைக் கூட்டிக் காட்டி, மொத்த விலையையும் அதற்குரிய நாட்கூலியையும் சொல்லலாம். ஒரு தாய் மொத்த விலையைக் கேட்டபின் ‘வேண்டாம், பண்டாரவளைச் சந்தையிலே இதைவிட நல்லது கிடைக்கும்’ என்று சொன்னால், அதுவும் அறிவுள்ள வாடிக்கையாளரின் முடிவே. வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் உரிமை அவளுடையதாக இருப்பதே முக்கியம்.

தோட்டக் காரியாலயத்திற்கு வந்த பொதி, இரண்டு நாள் அங்கே கிடந்தபின், பிரட்டுக் களத்திலே பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்படுகிறது. தாய் அதைக் கொங்காணியின் மடிப்பிலே மழை படாமல் வைத்து லயத்திற்குக் கொண்டுபோகிறாள். சட்டை தோளுக்கும் கைக்கும் அளவாய்ப் பொருந்துகிறது. மகள் எடுத்த அளவு பிழைக்கவில்லை. அவளுடைய பாட்டிக்கு அந்நாளிலே கிடைத்த கறுப்புக் கம்பளியின் விலை கங்காணியின் ஏட்டிலே எழுதப்பட்டிருந்தது. இச்சட்டையின் விலை எந்த ஏட்டிலும் இல்லை. முழுவதும் கொடுத்துத் தீர்ந்தாயிற்று. அடுத்த பொதி அவள் வீட்டு வாசலுக்கே, அவள் பெயருக்கும் அவள் வீட்டு இலக்கத்திற்கும் வந்து சேருமாயின், ஊவாத் தோட்டங்களின் நெடுநாட் குறையொன்று தீர்ந்ததாகும்.